ஐந்து அடுக்குக்குள் நடுங்கியவன்: குளிர்நீரில் இறங்கி மீன் பிடித்த ஒரு நாளின் நிகழ்வு ஆய்வு

காலை 11.40க்கு அவனைக் கையைப் பிடித்துக் கரையேற்றினேன். "ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். பல் பிடுங்கிவிட்டு வந்தவர் பேசுவதுபோல, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. தாடை வெடவெடவென ஆடிக்கொண்டிருந்தது. தூண்டிலை எங்கே வைத்தோம் என்று கேட்டான்; அது அவன் கையிலேயே இருந்தது.

அன்று அவன் மேலுடம்பில் ஐந்து அடுக்கு போட்டிருந்தான். காலில் இரண்டு அடுக்கு, பாதத்தில் மூன்று ஜோடி காலுறை. அதற்குமேல் நெஞ்சு வரை வரும் நீர்புகா உடை, அதாவது வேடர்ஸ். நான் அவனைவிடக் குறைவாகத்தான் போட்டிருந்தேன். அதே ஆற்றில், அவனுக்கு இருபது அடி தள்ளி, அதே இடுப்பளவுத் தண்ணீரில் அதே நேரம் நின்றேன். எனக்கும் குளிர்ந்தது, ஆனால் முடிச்சுப் போட முடிந்தது, நிதானம் தவறவில்லை.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவன் எனக்குத் தம்பி மாதிரி. ஆற்றில் இறங்கி மீன் பிடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அன்று காலை அவன் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "நல்லா கனமா போட்டிருக்க" என்று பாராட்டவும் செய்தேன். அந்தப் பாராட்டு இன்னும் உறுத்துகிறது. அதனால் அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து, அவன் போட்டிருந்த துணி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எது எப்போது கைவிட்டது என்று தேடினோம். கிடைத்த பதில் எங்களுக்கே புதிது. அவனைக் குளிர வைத்த ஈரத்தின் பெரும்பங்கு ஆற்றிலிருந்து வரவில்லை. ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே அது அவன் உடம்பில் ஏறியிருந்தது.

அன்றைய நிலவரம்

காலை எட்டு மணிக்குக் காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ். பத்தரைக்கு மேல் 2, 3 என்று ஏறியது. கயிற்றில் கட்டி இறக்கிய வெப்பமானி, தண்ணீர் 4 டிகிரி என்று காட்டியது. மழையோ பனியோ இல்லை. பத்து மணிக்குமேல் மணிக்கு 20 கி.மீ. அளவில் காற்று எழுந்தது. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 2 டிகிரியும் 20 கி.மீ. காற்றும் சேர்ந்து திறந்த முகத்துக்கு மைனஸ் 3 போல இருக்கும். கடுங்குளிர் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மீன் பிடிப்பவர்கள் சாதாரணமாக இறங்கும் நாள்தான்.

வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஆற்றுக்கு நாலு கிலோமீட்டர், நடுவில் ஒரு மேடு. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே 50 நிமிடம் நடந்தோம். எல்லாவற்றையும் என்றால், அவன். நான் வேடர்ஸை இடுப்பு வரை சுருட்டி இறக்கிவிட்டு, மெல்லிய மெரினோ கம்பளி மேலாடையோடும் காற்றுத் தடுக்கும் ஒரு சன்னமான சட்டையோடும் நடந்தேன். மீதி பையில் இருந்தது. இது என் புத்திசாலித்தனம் இல்லை. எனக்கு நடந்தால் புழுங்கும், அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அதுவரை யோசித்ததும் இல்லை, அவனுக்குச் சொல்லித்தரவும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோடையில் ட்ரௌட் பிடிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவோம். குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடல் இயக்கம் மந்தமாகிவிடும். ஓட்டம் குறைந்த ஆழமான மடுக்களில் அடியோடு அடியாகக் கிடக்கும். இரையைத் துரத்தி வராது, வாய்க்கு நேரே வந்தால்தான் எடுக்கும். அதனால் நாமும் ஒரே மடுவில் ஆழமாக நின்று, அதே வழியில் திரும்பத் திரும்ப இரையை ஓட்ட வேண்டியிருக்கிறது. அதிகம் அசைய வேண்டிய காலத்தில் அசையாமல் நிற்க வைப்பதுதான் குளிர்கால மீன்பிடி. இந்த நிற்றலுக்கு ஏற்றபடிதான் உடுத்த வேண்டும். நாங்களோ நடைக்கும் நிற்றலுக்கும் ஒரே உடை போதும் என்றிருந்தோம்.

நடந்தது

9.15க்கு இறங்கினோம். முதல் அரைமணி நேரம் அவன் உற்சாகமாகவே இருந்தான், இரண்டாவது வீச்சிலேயே ஒரு கடி கிடைத்தது. பத்து மணிக்குக் கால்விரல் மரத்துப்போகிறது என்றான். எனக்கும் லேசாக அப்படித்தான் இருந்தது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

10.20க்கு ஒரு மீனைப் பிடித்து, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டான். அப்போது வலது கை முழங்கை வரை நனைந்தது. கையை உதறிவிட்டு மறுபடி வீசத் தொடங்கினான். 10.50க்கு இரை பாறையில் சிக்கித் தூண்டில் நரம்பு அறுந்தது. புது முள்ளைக் கட்ட நாலைந்து தடவை முயன்றுவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். "கை சொன்னபடி கேக்கலண்ணே." கட்டிக்கொடுத்தேன். கரையேறச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். விரல் தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை கெடத் தொடங்கும். ஆடை கழற்ற, ஜிப் இழுக்க, நெருப்புப் பற்றவைக்க எல்லாவற்றுக்கும் அதே விரல்கள்தானே வேண்டும்.

11.15க்குமேல் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். பொதுவாக ஆற்றில் வாய் ஓயாதவன். 11.35க்கு இடம் மாற இரண்டடி வைத்தான், கால் தடுமாறியது, ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டதால் விழவில்லை. அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பார்த்ததும் இழுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

உடல் வெப்பத்தை நாங்கள் அளக்கவில்லை. உட்புற வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. 35 முதல் 32 வரை லேசான நிலை. விடாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கை கால், சிடுசிடுப்பு அல்லது ஒதுங்கிப்போகும் குணம் எல்லாம் அதன் அடையாளங்கள். அவனிடம் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. அந்த நிலையின் வாசலிலோ, அதைத் தாண்டியோ இருந்தான் என்றே எடுத்துக்கொண்டோம்.

பனியனை எடை போட்டபோது

அவன் மேலுடம்பில் உள்ளிருந்து வெளியே இருந்தவை: பருத்திப் பனியன், பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை, கம்பளி ஸ்வெட்டர், தடித்த ஃப்ளீஸ் (செயற்கை இழையாலான புசுபுசு மேலாடை), மழை ஜாக்கெட். கடைசி நான்கிலும் குறையில்லை. ஆனால் பனியன் வேண்டும் என்று யாரும் முடிவெடுத்துப் போடுவதில்லை. சின்ன வயதிலிருந்து உடம்போடு ஒட்டிய பழக்கம், அடுக்குகளை எண்ணும்போது கணக்கில்கூட வராது. அவனும் முதலில் நாலு அடுக்கு என்றுதான் சொன்னான்.

கரையில் அவிழ்த்த உடனே அந்தப் பனியனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தோம். வீட்டில் சமையலறைத் தராசில் வைத்தால் 310 கிராம். காய்ந்தபின் 140 கிராம். அதாவது 170 கிராம் தண்ணீரைத் தோலோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறான். வேடர்ஸில் ஓட்டை இல்லை, பிறகு சோதித்துப் பார்த்தோம். நெஞ்சுக்கு மேலே ஆற்றுநீர் தொடவும் இல்லை. எல்லாம் வேர்வை. 50 நிமிட நடையில், மேட்டில், ஜிப் கழுத்து வரை மூடிய மழை ஜாக்கெட்டுக்குள் ஊறிய வேர்வை.

இதன் கனத்தைக் கணக்குப் போட்டால்தான் புரியும். தோலின் வெப்பத்தில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வேண்டும். 170 கிராமுக்கு 400 கிலோஜூலுக்கு மேல். சும்மா இருக்கும் ஒரு மனித உடல் உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட், மணிக்கு 360 கிலோஜூல். ஆக, அந்த ஒரு பனியனைக் காயவைக்கவே அவன் உடம்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் உண்டாக்கும் மொத்த வெப்பத்தையும் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தும் அது காயவில்லை; கரையேறும்போதும் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு இருந்தது. காயாமல் ஒட்டிக் கிடக்கும் ஈரமும் சும்மா இருக்காது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடைக்குச் சூட்டைத் தருவது இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றுதான், அந்த இடத்தில் தண்ணீர் குடியேறிவிட்டால் இழை மட்டும் என்ன செய்யும்.

மேலே நல்ல தெர்மல் இருந்ததே, அது வேர்வையை இழுத்திருக்காதா என்று கேட்டான். நியாயமான கேள்வி. தெர்மல் தோலைத் தொட்டால்தான் தோலிலிருந்து இழுக்கும். நடுவில் பருத்தி உட்கார்ந்துகொண்டு, தன் பங்கை முழுசாகக் குடித்த பிறகுதான் மிச்சத்தை விட்டது. பாலியெஸ்டர் இழை தன்னுள் தண்ணீரை ஏற்பது மிக மிகக் குறைவு, எடையில் ஒரு சதவீதம்கூட வராது. அதனால் ஈரத்தை மேலே தள்ளிவிட்டுச் சீக்கிரம் காயும். மெரினோ வேறு மாதிரி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், தோலுக்கு ஈரம் தெரியாது. இரண்டில் எது உசத்தி என்று சண்டை போடுபவர்கள் உண்டு. எனக்கு மெரினோ பிடிக்கும், ஆனால் எதுவாக இருந்தாலும் தோலைத் தொடும் முதல் துணியாக அது இருக்க வேண்டும். பருத்திக்கு அங்கே இடமே கிடையாது.

நடக்கும்போது உடம்பு உண்டாக்கும் வெப்பம் நிற்கும்போது உண்டாவதைப்போல மூன்று மடங்குக்குப் போய்விடும். மேடு ஏறினால் இன்னும் கூடும். நிற்கும் நேரத்துக்காக உடுத்திக்கொண்டு நடந்தால் வேர்க்கும், வேறு வழியே இல்லை. அடுக்கு அடுக்காக உடுத்துவதன் பயனே வேண்டும்போது கழற்றலாம், வேண்டும்போது போடலாம் என்பதில்தான் இருக்கிறது. காலையில் ஐந்தையும் மாட்டி மாலையில் ஐந்தையும் அவிழ்த்தால், அது ஒரே தடித்த சட்டை.

தண்ணீருக்குக் கீழே வேறு கணக்கு

கால்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில்தான் குளிர் உடை பற்றிய பொது அறிவுரைகள் நம்மைக் கைவிடுகின்றன. மலையேறுபவருக்குச் சொன்னதை அப்படியே ஆற்றுக்குள் கொண்டுவர முடியாது.

இன்று பெரும்பாலோர் போடுவது மூச்சுவிடும் வேடர்ஸ். 1969இல் பாப் கோர் டெஃப்ளானை வெடுக்கென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கிய பிறகு வந்த துணி வகை. நீராவியை வெளியே விடும், நீர்த்துளியை உள்ளே விடாது. ஆனால் அந்தத் துணிக்கென்று சொந்தச் சூடு எதுவும் கிடையாது. 4 டிகிரித் தண்ணீரில் நின்றால் வேடர்ஸின் உட்பக்கமும் ஏறக்குறைய 4 டிகிரிதான். காலிலிருந்து போகும் நீராவி அந்தக் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் பனித்துப்போகிறது. குளிர்நீர் நிரப்பிய டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதைப்போலத்தான். மாலையில் வேடர்ஸைக் கழற்றிப் பார்த்து "ஒழுகுது" என்று நினைப்பவர்களில் பலர் பார்ப்பது தங்கள் வேர்வையைத்தான். அவன் உள்ளே பருத்தி டிராக் பேன்ட் போட்டு, அதற்குமேல் புசுபுசுவென்ற தடித்த ஃப்ளீஸ் பேன்ட் போட்டிருந்தான். பருத்தி அங்கேயும் தன் வேலையைக் காட்டியது.

அடுத்தது அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 100 கிராம் எடையோடு அமுக்கும். 60 செ.மீ. ஆழத்தில் 60 கிராம். வேடர்ஸ் மேலே திறந்திருப்பதால் உள்ளிருக்கும் காற்று இடுப்புக்கு மேலே ஓடிவிடுகிறது, துணி காலைச் சுற்றி உறிஞ்சியதுபோல ஒட்டிக்கொள்கிறது. முதல்முறை இறங்குபவர்கள் எல்லோரும் இதை உணர்வார்கள். ஆனால் அந்தப் பிடி உள்ளிருக்கும் உடையின் தடிமனை என்ன செய்கிறது என்பதை நானும் யோசித்ததில்லை.

வீட்டில் சோதித்தோம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரப் பலகையைத் துணியின்மேல் வைத்து, அதன்மேல் 6 கிலோ எடையை வைத்தால் 60 செ.மீ. ஆழத்தின் அழுத்தம் கிடைத்துவிடும். அவனுடைய புசுபுசு ஃப்ளீஸ் 9 மி.மீ. இருந்தது, எடை வைத்ததும் 4 மி.மீ.க்குக் கீழே போனது. என்னுடையது நெருக்கமாகப் பின்னிய, பார்ப்பதற்கு மெலிந்த ஃப்ளீஸ். 4 மி.மீ. இருந்து 3 ஆனது. கரையில் இரண்டு மடங்குக்கு மேல் தடித்திருந்த உடை, தண்ணீருக்குள் என்னுடையதோடு ஏறக்குறைய சமமாகிவிட்டது. அதுவும் உள்ளே ஈரப் பருத்தியோடு. இறகு நிரப்பிய பேன்ட் என்றால் இன்னும் மோசமாக அமுங்கும், ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். இறகு உடையை நான் வேடர்ஸுக்குள் இடுப்புக்குக் கீழே போடவே மாட்டேன்.

எனவே காலுக்கு வேண்டியது அமுங்காத துணி. உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலே நெருக்கமான ஃப்ளீஸ். அதற்கும் மேல் ஒன்று வேண்டுமென்றால் போடலாம், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழ முடிகிற வரை. மடக்கும்போது முழங்காலிலும் தொடையிலும் இறுகினால் அந்த அடுக்கு உபகாரத்தைவிட உபத்திரவமே செய்யும். நியோப்ரீன் வேடர்ஸ் இன்னொரு வழி. 3.5 மி.மீ., 5 மி.மீ. தடிமன்களில் வரும், குமிழ் குமிழாகக் காற்றை அடைத்துவைத்த ரப்பர் என்பதால் அதற்கே சொந்தச் சூடு உண்டு. வண்டியை நிறுத்தி இறங்கியதும் ஆறு என்றால் நான் அதைத்தான் சொல்வேன். நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றால் வேண்டாம், நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளே வெந்துபோவோம், அப்புறம் அந்த ஈரத்தோடேயே நிற்க வேண்டும்.

பாதம்

மூன்று ஜோடி காலுறை. கோடையில் ஒரு ஜோடியோடு சரியாக இருந்த அதே காலணி. காலணியை மாட்ட அவன் பட்ட பாட்டைக் காலையில் பார்த்தேன்.

குளிரில் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உள்ளுறுப்புகளைக் காக்கப் பார்க்கும். மேலுடம்பு ஈரத்தில் நனைந்து வெப்பத்தை இழந்துகொண்டிருந்த அவனுக்கு அது சீக்கிரமே தொடங்கியிருக்கும். கொஞ்சநஞ்சம் வரும் ரத்தத்தையும் இறுகிய காலணி தடுத்தது. காலுறைகளுக்குள் இருந்த காற்றும், வேடர்ஸின் நியோப்ரீன் பாதத்துக்குள் இருந்த குமிழ்களும் அமுங்கிப்போயின. பாதம் தானாகச் சூட்டை உண்டாக்குவது சொற்பம், ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. காலுறை வந்த சூட்டைக் காக்கும், அவ்வளவே. இரண்டு ஜோடி போதும், உள்ளே மெல்லியது, மேலே தடித்த கம்பளி. விரல்களை மேலும் கீழும் அசைக்க இடம் வேண்டும். அதற்குக் காலணியை ஒரு அளவு பெரிதாக எடுப்பதுதான் வழி.

உறையாத குளிர்கூடப் பாதத்தைக் கெடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பல மணி நேரம் ஈரத்தோடு குளிரில் மரத்துக் கிடந்த பாதத்தில் நரம்புகள் கெட்டு, மாதக்கணக்கில் வலி நீடிக்கும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்களை முடக்கியது இதுதான். கால் மரத்துவிட்டது, இனி வலிக்காது என்று தொடர்ந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கை, தலை

வலது கை முழங்கை வரை நனைந்தது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீனை விடக் குனியுமுன் எல்லா அடுக்குகளையும் முழங்கைக்கு மேலே ஏற்றியிருக்க வேண்டும், கையை வெளியே எடுத்ததும் துண்டால் துடைத்திருக்க வேண்டும். கையுறையையும் முதலிலேயே கழற்றிவிட வேண்டும். கையுறை நனையாமல் இருப்பதற்கு மட்டுமில்லை, காய்ந்த துணி மீனின் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். அது மீனுக்கு நோய் வராமல் காக்கும் போர்வை. நனைந்த சட்டைக்கையில் காற்று பட்டதும் அவன் விரல்கள் போயின. நேரத்தைப் பாருங்கள், நனைந்தது 10.20, முடிச்சு தவறியது 10.50.

உடலின் வெப்பத்தில் பாதி தலைவழியாகப் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. தலை நம் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, போகும் வெப்பமும் அந்த அளவை ஒட்டியதுதான். ஆனாலும் மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் ஒரே ஜன்னல் அது. அவன் தொப்பி நன்றாக இருந்தது. கழுத்து திறந்திருந்தது.

கரையில் செய்தது

காற்று படாத ஒரு பாறையின் மறைவில், என் பையை விரித்து அதன்மேல் உட்கார வைத்தேன். மேலுடம்பு ஈரத்தை எல்லாம் கழற்றி, பையிலிருந்த என் மாற்றுக் கம்பளி மேலாடையையும், செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட்டையும் போட்டுவிட்டு, கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். இனிப்பாகச் சூடான பானம், கொஞ்சம் கொஞ்சமாக. கையைக் காலைத் தேய்க்கவில்லை. தேய்ப்பது தோலைக் காயப்படுத்தும், உள்வெப்பத்துக்கு உதவாது. மது கூடவே கூடாது, தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்து இருக்கும் வெப்பத்தையும் வெளியே அனுப்பிவிடும். நடந்தால் சூடாகிவிடுவேன் என்று அவன் உடனே எழப் பார்த்தான், விடவில்லை. நடுங்கும் உடம்பு தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அரைமணி நேரமாவது உலர்ந்து, சாப்பிட்டுத் தேறிய பிறகு நடப்பதே பாதுகாப்பு. 12.40க்குப் பேச்சு தெளிந்தது. நடுக்கம் நின்று, ஆள் மட்டும் குழம்பியே இருந்திருந்தால் கதை வேறு. அது மோசமாகிறது என்று பொருள். அசைக்காமல் படுக்கவைத்து உடனே மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும்.

11.35க்குத் தடுமாறியபோது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். குளிர்நீரில் விழுபவருக்கு மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் 1, 10, 1 என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் பயன்படும்படி அசைய 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். முதலிலேயே விரல் போனவனுக்கு அந்தப் பத்து நிமிடம் முழுசாகக் கிடைத்திருக்காது. வேடர்ஸின் இடுப்பு வாரை அவன் இறுக்கிக் கட்டியிருந்தான், அன்று அவன் செய்த மிக நல்ல காரியம் அது. விழுந்தால் தண்ணீர் விறுவிறுவென்று காலுக்குள் இறங்காமல் தடுப்பது அந்த வார்தான்.

இரண்டாவது முயற்சி

பதினாறு நாள் கழித்து அதே மடுவுக்குப் போனோம். காற்று மைனஸ் 1, தண்ணீர் 3 டிகிரி. முதல் நாளைவிடக் குளிர் அதிகம். புதிதாக வாங்கியது மெரினோ மேலாடை இரண்டு மட்டும். பருத்தி எதுவும் இல்லை, பனியன் உட்பட. என் பழைய நெருக்கமான ஃப்ளீஸ் பேன்ட் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன்.

வண்டியிலிருந்து கிளம்பும்போது மெல்லிய மெரினோவும் சன்னமான சட்டையும் மட்டும். "குளிருதேண்ணே" என்றான். "குளிரணும், பத்து நிமிஷம் நட" என்றேன். மேட்டுக்கு முன்னால் ஒருமுறை நின்று கழுத்து ஜிப்பைத் திறந்துவிட்டோம், தொப்பியைக் கழற்றினோம். வேகத்தையும் குறைத்தோம், 50 நிமிட நடை 65 நிமிடம் ஆனது. ஆற்றங்கரையில் உடனே இறங்கவில்லை. உடம்புச் சூடு அடங்கும் முன்பே உள்மேலாடையைக் கழற்றி, பையிலிருந்த உலர்ந்த இரண்டாவதை மாட்டச் சொன்னேன். அந்த அரை நிமிடம் அவன் போட்ட சத்தத்துக்கு மீன் எல்லாம் ஓடியிருக்கும் என்று நினைத்தேன், ஓடவில்லை. அதற்குமேல் ஃப்ளீஸ், செயற்கை இழை ஜாக்கெட், மழை ஜாக்கெட், கழுத்துக்கு ஒரு கம்பளிச் சுற்று. எண்ணிக்கை ஏறக்குறைய பழையதுதான், போட்ட நேரம்தான் வேறு.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரையேறி ஐந்து நிமிடம் நடப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன முடிச்சைப் போட்டுக் காட்டுவான், நானும் போடுவேன். முடிச்சு வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான் என்பது ஒப்பந்தம். நான்கு மணி நேரம் நின்றோம், முடிச்சு ஒருமுறையும் தவறவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாவது மேலாடையை எடை போட்டால், உலர்ந்த எடையைவிட 25 கிராம்தான் கூட. நடையில் கழற்றிய முதலாவதில் 60 கிராம் இருந்தது. வேர்வையை முழுசாக நிறுத்த முடியாது என்பதை அந்த 60 சொல்கிறது, மாற்று மேலாடை பையில் இருந்தாக வேண்டும் என்பதையும்.

பாதப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. காலுறையை இரண்டாகக் குறைத்தும், மூன்றாவது மணி நேரத்தில் இடது கால் விரல்கள் மரத்தன. காலணி அதே பழைய அளவுதான். கரையில் காலணிக் கயிற்றை ஒரு கண் தளர்த்திக் கட்டிப் பார்த்தோம், பத்து நிமிடத்தில் உணர்வு திரும்பியது. ஓட்டம் குறைந்த மடு என்பதால் தளர்ந்த காலணியோடு நிற்க முடிந்தது. வழுக்குப்பாறையில் அப்படி நிற்கச் சொல்ல மாட்டேன். அடுத்த முறைக்கு என் பெரிய அளவுக் காலணியை அவன் போட்டுப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம், அவனுக்கு அரை அங்குலம் கூடுதலாக இருக்கும். இடது காலை மட்டும் தனியாகக் கவனித்துக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.